என் கைக்கு இரும்புதான்

எய்யா கார்த்தி, போனில் உன்னிடம் ஒரு பேச்சைத் தொடங்கி முடிப்பது இப்போதெல்லாம் நடக்கிற காரியமாக இல்லை. நான் வாயைத் திறந்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, மீட்டிங் இல்லாத நேரத்தில் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தில் அந்தப் பாச்சா பலிக்காது. தோஹாவில் உட்கார்ந்துகொண்டு இதை நீ எத்தனை தடவை மூடி வைத்தாலும், திறக்கும்போது நான் விட்ட இடத்திலிருந்தே பேசுவேன். காலைப் பலகாரம் முடிந்துவிட்டது, டூட்டிக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது, உன் அப்பா வழக்கம்போல வேலைக்காக ருவைஸில். துபாய் அல் குசைஸ் வீட்டில் நானும் ஏ.சி. சத்தமும்தான். ஆகவே சாவகாசமாக எழுதப்போகிறேன். பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு படித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "அம்மா, என் கல்யாணத்துக்கு முன்னாடி அந்த வேலைய விட்டுரும்மா. கலாஸ், போதும்" என்று சொன்னாய் அல்லவா? விடமாட்டேன்.

அந்த வேலைக்கு ஒரு பெயர் இருக்கிறது, அது உனக்கும் தெரியும். தெரிந்தும் வாயில் வராமல் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது என்பதால் நானே எழுதுகிறேன். ஷார்ஜாவில் ஒரு கிளப்பில் பெண்களுக்குக் கைத்துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுக்கிறேன். பாளையங்கோட்டையில் கல்லூரிப் படிப்போடு என்.சி.சி.யில் ரைஃபிள் பிடித்தவள் நான், மாநிலப் போட்டி வரைக்கும் போனவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு உன் அப்பாவுக்கு ருவைஸில் வேலை கிடைத்தது. வாரம் முழுக்க அவர் அங்கே, நீ ஸ்கூலில், நான் இந்த வீட்டின் நாலு சுவருக்குள். அப்போதுதான் கீழ்வீட்டுக்காரி வந்து, அந்தக் கிளப்பில் லேடீஸ் டேக்குப் பெண் இன்ஸ்ட்ரக்டர் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள் என்று சொன்னாள். லேடீஸ் டே என்றால் அந்த நேரத்தில் சுடுகிற ரேஞ்சுக்குள் ஓர் ஆண்கூட நிற்கக்கூடாது. இந்த ஊர்ப் பெண்கள் முகத்திரையை எடுத்துவிட்டு நிம்மதியாக நின்று சுடுவார்கள். பிடி சரியில்லை என்றால் கையைத் தொட்டுத் திருத்த இன்னொரு பெண் வேண்டும். உன் அப்பா சிரித்தார். "ஏட்டி, உனக்கு ரைஃபிள்லா தெரியும்? பிஸ்டல் வேற சமாச்சாரம்லா?" என்றார். "சோறு வடிக்கத் தெரிஞ்சவளுக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியாதாக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனேன். கிளப்பில் முறையாகப் பயிற்சி கொடுத்தார்கள், பரீட்சை வைத்தார்கள், தேறினேன். அன்றிலிருந்து இன்றுவரை என் சொந்தக் காலில் நிற்கிறேன்.

அங்கே முதலில் என் கையில் கொடுத்தது ஒரு செக் நாட்டு இரும்புத் துப்பாக்கி. உடம்பு முழுக்க உலோகம், கருநீல மெருகு, பின்னால், தோட்டாவைத் தட்டிவிடுகிற சுத்தியல் கண்ணுக்குத் தெரியும். எடுத்த எடுப்பில் கனமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கனம் எதற்கு என்று முதல் தோட்டா போனதும் புரிந்துவிட்டது. உதையை அதுவே வாங்கிக்கொண்டது, என் மணிக்கட்டுக்கு மிச்சம்தான் வந்தது. முனை கொஞ்சம் எழும்பி, அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. அதன் முதல் ட்ரிகர் நீளமாக, கடினமாக இருக்கும். அந்த இழுப்பிலேயே சுத்தியல் பின்னால் போய் அடிக்க வேண்டும். அடுத்த தடவையிலிருந்து சுத்தியல் ஏற்கெனவே பின்னால் நிற்கும், காய்ந்த முருங்கைக் குச்சி ஒடிகிற மாதிரி சட்டென்று போகும். இந்த இரண்டு குணத்தையும் பழக்கிக்கொள்கிறவரை அது உன்னைப் பாடாய்ப் படுத்தும். பழகிவிட்டால் வேறு எதையும் கை ஏற்காது. எனக்கென்று சொந்தமாக ஒரு துப்பாக்கியும் கிடையாது, இந்த நாட்டில் நம்மைப் போன்றவர்களுக்கு அது நடக்கிற காரியமும் இல்லை. எல்லாம் கிளப்பினுடையது, வேலை முடிந்ததும் ஆயுத அறையில் எண்ணிப் பூட்டிவிடுவார்கள். ஆனாலும் அங்கே வேலை பார்க்கிற எல்லாரும் அதை என் துப்பாக்கி என்றுதான் சொல்வார்கள்.

பிறகு பாலிமர் துப்பாக்கிகள் வந்து இறங்கின. மேல்பாகம் இரும்பு, பிடியும் சட்டமும் பிளாஸ்டிக். நான் பார்த்ததும், "என்ன இது, தயிர் டப்பா கணக்கா இருக்கு" என்றேன். வீட்டுக்கு வந்தும் அதையே சொன்னேன். உன் அப்பா அந்த வாரம் லீவில் வந்திருந்தார், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார். ருவைஸ் பிளான்டில் அவர் பார்ப்பதே பிளாஸ்டிக் குருணை தயாரிக்கிற வேலைதானே, ரோஷம் வந்துவிட்டது. "அந்த டப்பாதாம்ட்டி நம்ம வீட்டுல சோறு போடுது. பிளாஸ்டிக்க எளக்காரமா பேசாத" என்றார். அதோடு விட்டாரா? துப்பாக்கியில் இருப்பது எங்கள் பிளான்ட் சரக்கு இல்லை, அது கண்ணாடி இழை கலந்த நைலான், அதன் உறுதி என்ன, சூட்டில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று ரசம் ஆறிப்போகிறவரை வகுப்பு எடுத்தார். நீ அப்பா பக்கம் சேர்ந்துகொண்டு தலையை ஆட்டினாய். உனக்கு அப்போது துப்பாக்கியும் தெரியாது, நைலானும் தெரியாது. அம்மாவுக்கு எதிர்க்கட்சி என்றால் போதும் உனக்கு.

உள்ளதைச் சொல்ல வேண்டும், உன் அப்பா சொன்னதில் பாதிக்கு மேல் சரி. வெளி ரேஞ்சில் ஆகஸ்ட் மாதம் மேசையில் வரிசையாக வைத்தால் இரும்புத் துப்பாக்கியின் பிடி தோசைக்கல்லாகிவிடும், தொட முடியாது. பாலிமர் பிடி வெதுவெதுப்போடு நிற்கும். உம் சயீத் என்று ஒரு அரபிப் பாட்டியம்மா வாரம் தவறாமல் வருவாள், இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு பாலிமரைத் தூக்கிக்கொண்டு, "திஸ் ஒன் மாஃபி ஹார், குட்" என்பாள், சூடு இல்லையாம். கடற்காற்று வீசும் மாதங்களில் இன்னொரு கூத்து. வியர்த்த கையோடு நீல மெருகைத் தொட்டு, துடைக்காமல் வைத்துவிட்டால் மறுநாள் அங்கே கைரேகை துருவாகப் படிந்திருக்கும். இரும்பை எண்ணெய் போட்டுக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும், பாலிமர் அந்தச் சீராட்டு கேட்பதில்லை. சின்னக் கை உள்ள பெண்களுக்கு என் துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னால் இழுப்பதே பெரும்பாடு, பிடித்து இழுக்க அதில் இடமே குறைவு. ஆகவே புதிதாக வருகிறவர்களுக்கு நான் பாலிமரைத்தான் முதலில் கொடுக்கிறேன். என் ஆசைக்காக அடுத்தவள் கையை வருத்துவது எனக்குப் பிடிக்காது. ஆனால் வகுப்பு முடிந்து எனக்கென்று இருபது தோட்டா சுடக் கிடைத்தால் என் கை இரும்பைத்தான் தேடிப் போகும். ஏன் என்று கேட்டால் கைக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். நாக்குக்குக் காரணம் கேட்கிறோமா?

நீ கல்லூரி சேர்ந்த வருஷம், வயசு வந்துவிட்டது என்று உன்னைக் குடும்ப நாளில் அங்கே கூட்டிப்போனேன், ஞாபகம் இருக்கிறதா? இரண்டையும் சுட்டுப் பார்த்துவிட்டு நீ சொன்ன முதல் வார்த்தை, "அம்மா, உன் துப்பாக்கிய மியூசியத்துல வைக்கணும்" என்பதுதான். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் அல்ல. நீ விடவில்லை. "அதுல ஃபர்ஸ்ட் ஷாட் மாட்டு வண்டி, செகண்ட் ஷாட் ரேஸ் காரு. ஒரே துப்பாக்கிக்கு எதுக்கும்மா ரெண்டு குணம்? இதப் பாரு, எத்தன தடவ இழுத்தாலும் ஒரே மாதிரி. மறந்து போறதுக்கு சேஃப்டி லீவரும் இல்ல. லைட் வெயிட்." நான், "லைட் வெயிட்டுனா உதைக்கும், உன் டார்கெட்ட பாரு, கோழி கிளறின குப்ப மாதிரி இருக்கு" என்றேன். அடுத்த மாதம் நீ வைராக்கியமாகச் சுட்டு, ஒரு தேநீர்க் கோப்பை மூடுகிற அளவுக்குள் அத்தனை ஓட்டையையும் போட்டாய். அந்த அட்டையைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, அடியில் 'பிளாஸ்டிக் வாழ்க' என்று எழுதியும் வைத்தாய். உன் அப்பா அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். தோசை சுடும்போது, காரில் போகும்போது, ஷார்ஜா டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது என்று எத்தனையோ நாள் நாம் இரும்பா பிளாஸ்டிக்கா என்று சண்டை போட்டிருக்கிறோம். என் வாழ்க்கையில் நான் ரசித்த சண்டைகள் அவைதான், எய்யா. எனக்குப் பிடித்ததை நீ என் முகத்துக்கு நேராக நக்கல் அடித்தாய், உனக்குப் பிடித்ததை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாய். அப்படி ஒரு பிள்ளையை வளர்த்தோமே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒருநாள் உன் கல்லூரி நண்பர்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் சமோசா பொரித்து எடுத்துக்கொண்டு வந்தபோது ஃப்ரிட்ஜ் கதவு வெறுமையாக இருந்தது. வீட்டைச் சுத்தமாக்குகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் போன பிறகும் அது திரும்ப வரவில்லை. "எங்கல அந்த அட்டை?" என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டேன். அது பெரிய பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் ஒரு விஷயம் எப்போது தொடங்கியது என்று யோசித்துப் பார்க்கும்போது அந்த வெறும் கதவுதான் கண்ணில் வந்து நிற்கிறது.

இப்போது போன சனிக்கிழமைக்கு வருகிறேன். அன்று நடந்ததைப் பாதிதான் உன்னிடம் போனில் சொன்னேன், நீதான் மீதியைக் கேட்கவில்லையே. துபாயில் ஏதோ ஒரு அலுவலகத்திலிருந்து பெண்கள் கூட்டமாக லேடீஸ் டேக்கு வந்திருந்தார்கள். அலுவலகத்துக்கு அலுவலகம் இப்போது இப்படி அனுப்பிவைக்கிறார்கள், சேர்ந்து சுட்டால் ஒற்றுமை வளருமாம். தொப்பி, கண்ணாடி, காதுக்கவசம் எல்லாம் மாட்டிய பிறகு யாருக்கும் யார் முகமும் தெரியாது. கடைசி லேனில் ஜீன்ஸ் போட்ட ஒல்லியான ஒரு பெண், பாலிமர் துப்பாக்கி. முதல் ரவுண்டில் கண்ணை மூடிக்கொண்டு சுட்டாள், இரண்டாவதில் நன்றாகவே சுட்டாள். சுட்டு முடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று நான் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் சொல்லிவிடுவேன், உனக்கும் சொல்லியிருக்கிறேன். தோட்டா அடுக்கிய மேகஸினை எடு, ஸ்லைடை, அதுதான் அந்த மேல்பாகத்தை, பின்னால் இழுத்துப் பூட்டு, உள்ளே காலியா என்று நீ பார், பிறகு எனக்குக் காட்டு. காலியாகத்தான் இருக்கிறது என்று நீ சொன்னால் போதாது, அடுத்த ஆள் கண்ணால் பார்க்க வேண்டும். அவள் மேகஸினை மட்டும் எடுத்தாள். எடுத்துவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கேமராவோடு நின்ற தோழியைப் பார்த்துச் சிரித்தபடி துப்பாக்கியோடு அப்படியே திரும்பப் போனாள்.

அவள் முழுதாகத் திரும்புவதற்குள் நான் மணிக்கட்டைப் பிடித்து முனையை டார்கெட் பக்கம் திருப்பிவிட்டேன். "இட்ஸ் எம்ப்ட்டி மேடம், மேகஸின் இஸ் அவுட்!" என்று அவள் பதறினாள். நான் ஸ்லைடை இழுத்தேன். உள்ளேயிருந்து ஒரு தோட்டா துள்ளி விழுந்து தரையில் உருண்டது. ஒன்றைச் சுடாமல் மிச்சம் வைத்தது அவளுக்கே தெரியவில்லை. மேகஸின் போனால் துப்பாக்கி காலி என்று நினைப்பது சுட வருகிறவர்கள் எல்லாரும் ஒருநாளாவது செய்கிற தப்பு, அதற்காகத்தான் நான் அங்கே நிற்கிறேன். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு இங்கிலீஷும் வரவில்லை, இந்தியும் வரவில்லை. "யம்மா, அறிவு வேண்டாமா? உள்ள ஒண்ணு கெடக்கு பாரு! காட்டாம திரும்புவியா நீ?" என்று திருநெல்வேலித் தமிழிலேயே கத்திவிட்டேன். அந்தப் பெண் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் காதுக்கவசத்தைக் கழற்றி, "அத்தை?" என்றாள்.

நிச்சயதார்த்தத்தில் பட்டும் மல்லிகையுமாகப் பார்த்த பவித்ரா. என்னையும் அவள் பட்டுப் புடவையில்தான் பார்த்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரப்போகிற மருமகளை முதல் முதலாகத் திட்டுவது இந்த இடத்தில், இந்தக் காரணத்துக்கு என்று யார் நினைத்திருப்பார்கள்? அவள் சிரிக்கவில்லை. வேறொருத்தியாக இருந்தால் அழுதுகொண்டு வெளியே போயிருப்பாள். இவள் கீழே கிடந்த தோட்டாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "சாரி அத்தை. இன்னொரு ரவுண்டு சுடலாமா? இந்தத் தடவ கரெக்டா காட்டுறேன்" என்றாள். சுட்டாள், காட்டினாள். எனக்குப் பிடித்துப்போய்விட்டது. சரி, நம் சொத்தையும் கொஞ்சம் காட்டுவோம் என்று என் இரும்பை எடுத்துவந்து கொடுத்தேன். ஸ்லைடை இழுக்க மூச்சுப் பிடித்தாள், இரண்டு தடவை வழுக்கியது, மூன்றாவதில் இழுத்துவிட்டாள். முழு மேகஸினையும் சுட்டு, திறந்து காட்டிவிட்டு, "கை ஆடவே இல்ல அத்தை, சூப்பரா உக்காருது. ஆனா அந்த ஃபர்ஸ்ட் ட்ரிகர் வரவே மாட்டேங்குது. எனக்கு அந்த பிளாஸ்டிக்தான் பிடிச்சிருக்கு, தப்பா நினைக்காதீங்க" என்றாள். மாமியாராகப் போகிறவளிடம் ஒரு பெண் இப்படி நேராகச் சொல்கிறாள் பார். "போயும் போயும் இவளும் அப்பன் மகன் கட்சிதானா?" என்று தலையில் அடித்துக்கொண்டேன். அப்போதுதான் சிரித்தாள்.

பிறகு கிளப் கேன்டீனில் கரக் சாயா வாங்கிக் கொடுத்தேன். அவள் தோழிகள் வேறு மேசையில் போட்டோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தாள். "அத்தை, நீங்க இங்க அட்மின்ல இருக்கீங்கன்னுதான் அவர் சொன்னார். அப்பா நிச்சயத்தன்னிக்குக் கேட்டப்பவும் அதேதான் சொன்னார். ஸ்போர்ட்ஸ் கிளப், ஆபீஸ் வேலைன்னு" என்றாள். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரியும். நிச்சயதார்த்தம் நடந்த மண்டபத்தில் நான் தாம்பூலத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், நாலடி தள்ளி நின்று என் பிள்ளை என்னை வேறு ஒருத்தியாக மாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். "அவனுக்கு என்ன பயமோ" என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். அவள், "எங்கப்பா கணக்கு வாத்தியார் அத்தை, துப்பாக்கின்னா கொஞ்சம் யோசிப்பார்தான். யோசிச்சுட்டு நூறு கேள்வி கேட்டுட்டு ஓகே சொல்லியிருப்பார். எனக்கு நீங்க செய்யற வேலை பெருமையாத்தான் இருக்கு. அது பிரச்சனையே இல்ல" என்றாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்பாகிட்ட நான் இன்னும் எதுவும் சொல்லல. கார்த்தியே சொல்றாரான்னு பாக்கறேன். அவர் சொல்லலைன்னா இந்தக் கல்யாணத்த பத்தி நான் மறுபடி யோசிக்கணும் அத்தை."

புரிந்ததா எய்யா? நீ மறைத்ததால் கல்யாணம் நடக்கும் என்று நினைக்கிறாய். மறைத்ததால்தான் நிற்கப் பார்க்கிறது. இதை உன்னிடம் சொல்லச் சொல்லி அவள் கேட்கவில்லை, சொல்ல வேண்டாம் என்றும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் உன் அம்மா. கிளப்பில் ஒருத்திக்குப் பின்னால் நின்று அவள் தப்பைத் திருத்துகிறவள், சொந்தப் பிள்ளை தவறான பக்கம் திரும்பும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பேனா? ஞாயிற்றுக்கிழமை போனில், பவித்ரா கிளப்புக்கு வந்தாள் என்று நான் சொன்ன உடனே நீ கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அவ அப்பாகிட்ட சொல்லிட்டாளா?" அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கவில்லை. அவளுக்கு என்னைப் பிடித்ததா என்று கேட்கவில்லை. அடுத்த நிமிஷம் வேலையை விடு என்றாய். நான் வேலையை விட்டுவிட்டால் நீ சொன்ன பொய் உண்மையாகிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். நல்ல கணக்குதான், வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டு.

உனக்கு என் வேலை பிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. உனக்கு இரும்பு பிடிக்காது, எனக்குப் பாலிமர் பிடிக்காது, உன் அப்பா பிளாஸ்டிக்குக்குக் கொடி பிடிப்பதோடு சரி, அவருக்குச் சுடுவதைவிட டி.வி.தான் பிடிக்கும். ஒரு வீட்டில் இப்படி மூன்று பேர் மூன்று விதமாக இருக்கலாம், ஒருத்தரையொருத்தர் வாய் வலிக்க நக்கல் அடித்துக்கொண்டும் இருக்கலாம். அதனால் யாருக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை. நாளைக்கு உனக்கும் பவித்ராவுக்கும் நூறு விஷயத்தில் ஒத்துவராது. அவளுக்குப் பிடித்த புடவை உனக்குப் பிடிக்காது, உன் சிநேகிதன் அவளுக்கு ஆகமாட்டான். சண்டை போடுங்கள், நன்றாகச் சத்தமாகப் போடுங்கள், மறுநாள் தோசைக்கு உட்காருங்கள். பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறவனோடு ஒரு பெண் காலம் பூராவும் குடித்தனம் செய்துவிடுவாள். தன்னைப் பற்றி முதுகுக்குப் பின்னால் வேறு மாதிரி சொல்கிறவனோடு ஒரு வாரம்கூட முடியாது. எனக்கும் உன் அப்பாவுக்கும் இத்தனை வருஷம் ஓடியது எதனால் என்று நினைக்கிறாய்? அந்த மனுஷர் பிளான்டில் யாரைப் பார்த்தாலும், "நம்ம வீட்டுக்காரி துப்பாக்கி டீச்சராக்கும், சூதானமா பேசணும்" என்று ஆரம்பித்துவிடுவார். அங்கே பாதிப் பேர் என்னைப் பார்த்தது கிடையாது, ஆனால் எல்லாரும் எனக்குப் பயப்படுகிறார்கள். கேட்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும், ஆனால் ராணி மாதிரியும் இருக்கும்.

நீ வெட்கப்பட்டது எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். வலித்தது. ஞாயிற்றுக்கிழமை போனை வைத்துவிட்டு, புளிக்குழம்பு கொதிக்கக் கொதிக்க அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அடிப்பிடித்த வாடை வந்த பிறகுதான் சுயநினைவு வந்தது. அதை விடு, அம்மாக்களுக்கு வலிப்பதும் ஆறுவதும் புதிதில்லை. எனக்கு ஆறிவிட்டது. இந்த வயசில் இன்னொருத்தருக்குப் பிடிக்க வேண்டும் என்று என்னை நான் மாற்றிக்கொள்ளப்போவதில்லை, அதில் எனக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. கை தளர்கிற காலம் வரும். என் இரும்பு கனக்கிற காலம் வரும். அன்றைக்கு உன் பிளாஸ்டிக்கை வாயை மூடிக்கொண்டு கையில் எடுப்பேன், நீ சிரித்துக்கொள். அதுவும் முடியாத நாளில் நானே வேலையை விடுவேன். அந்த நாளை முடிவு செய்வது என் மணிக்கட்டு, உன் மாமனார் அல்ல.

பவித்ரா கிளம்பும்போது கடைசியாக ஒன்று கேட்டாள், அதையும் எழுதிவிடுகிறேன். "நாளைக்கு என்கிட்ட ஏதாவது ஒண்ணு அவருக்கு வெட்கமா இருந்தா, என்னையும் இப்படித்தான் வேற யாரோன்னு சொல்வாரா, அத்தை?" நீ பிறந்த நாளிலிருந்து உன்னைப் பற்றி யார் என்ன கேட்டாலும், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிறவள் நான். டாக்டர் கேட்டிருக்கிறார், டீச்சர் கேட்டிருக்கிறார்கள், சொந்தக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தரையும் நான் காக்க வைத்ததில்லை. அந்தப் பெண்ணிடம், "தெரியலையேம்மா" என்றுதான் சொல்ல முடிந்தது.

வருகிற சனிக்கிழமை பவித்ராவும், அபுதாபியிலிருந்து அவள் அப்பா அம்மாவும் கல்யாணப் பத்திரிகை விஷயம் பேச நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். நீயும் வெள்ளிக்கிழமை வந்துவிடுவாய். எனக்கு அன்று காலையில் லேடீஸ் டே, முடிந்ததும் நேராக வருவேன், உடை மாற்ற நேரம் இருக்காது. இருந்தாலும் மாற்றமாட்டேன். கிளப் பெயரும் என் பெயரும் அடியில் பிஸ்டல் இன்ஸ்ட்ரக்டர் என்றும் தைத்த சட்டையோடுதான் கதவைத் திறப்பேன். அந்த வாத்தியார் அதைப் படிப்பார், படித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன், உன் அப்பாவையும் பேசக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். பேச வேண்டியது நீ. அந்த நேரத்தில் பவித்ரா என் சட்டையையும் பார்க்கமாட்டாள், அவள் அப்பா முகத்தையும் பார்க்கமாட்டாள். உன் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள்.